சார்ல்ஸ்டன் போகிறோம்: எதை விடலாம், எதை விடக்கூடாது?

மல்லிகைப்பந்தல் கேட்டது:

ஏப்ரல் கடைசியில் வெள்ளி முதல் ஞாயிறு வரை தெற்குக் கரோலினாவின் சார்ல்ஸ்டன் போகிறோம், ஷார்லட்டிலிருந்து காரில். மாமனாரும் மாமியாரும் ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். அத்தைக்கு முழங்கால் வலி. மாமாவுக்குச் சரித்திரம் என்றால் சாப்பாடே வேண்டாம். எட்டு வயதுப் பையனுக்கு ஏறிக் குதிக்க ஏதாவது வேண்டும். எல்லோரும் சைவம். எங்கே தேடினாலும் குதிரை வண்டி, கலர் வீடுகள், பூந்தோட்டம் என்று ஒரே பட்டியல்தான் வருகிறது. அங்கே இருப்பவர்கள் சொல்லுங்களேன்.

தீவுக்காரன்:

ஜேம்ஸ் தீவில் இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் சுற்றிக் காட்டும் வேலை என் தலையில்தான் விழும், அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை வந்ததும் கலர் வீடுகளுக்கு ஓடாதீர்கள். முதலில் காட்ஸ்டன் துறையில் இருக்கும் சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம். 2023 ஜூனில் திறந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்தவர்களைக் கப்பல் கப்பலாக இறக்கிய இடமே அதுதான். அந்த மண்மேல் கட்டக்கூடாது என்று கட்டடத்தையே 18 தூண்களில் 13 அடி உயரத்துக்குத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். கீழே உள்ள தோட்டத்துக்குக் கட்டணம் கிடையாது. உள்ளே போக நேரம் குறித்து முன்பதிவு செய்யுங்கள். லிஃப்ட் உண்டு, அத்தைக்குச் சிரமமில்லை.

இதை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், இந்த ஊரின் பணம் நெல்லில் வந்தது. கடல் ஏற்றத்தில் ஆற்று நீரை மதகு வைத்து வயலுக்குள் விட்டு, வற்றும்போது வடிய விடுவார்கள். அந்த வேலையைச் செய்தவர்கள் அடிமைகள். அவர்களில் பலர் மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் விளையும் பகுதிகளிலிருந்து வந்தவர்கள்; தொழில் அவர்கள் கையில் இருந்தது, நிலம்தான் வேறொருவன் பேரில். இது தெரிந்தபின் கிழக்கு விரிகுடாத் தெருவின் அந்த 13 கலர் வீடுகளைப் பாருங்கள். மாமாவுக்கு வழிகாட்டியே தேவைப்படாது.

சிட்டி மார்க்கெட்டில் அடிமைகளை விற்றதாகச் சிலர் சொல்வார்கள், தவறு. அது காய்கறி, இறைச்சிச் சந்தை. மனிதர்களைத் தெருவில் நிறுத்தி ஏலம் விடுவதை 1856இல் நகராட்சி தடை செய்ததும், வியாபாரம் சால்மர்ஸ் தெருவில் ஒரு கட்டடத்துக்குள் போனது. அதுதான் இன்றைய பழைய அடிமைச் சந்தை அருங்காட்சியகம். சிறியது, மாமாவுக்கு அவசியம். ஆனால் அந்தத் தெரு முழுக்க உருண்டைக் கல் பாவியது. அத்தையை வாசலருகிலேயே இறக்கிவிடுங்கள்.

மார்க்கெட்டில் கல்லா இனப் பெண்கள், அந்த அடிமைகளின் வழிவந்தவர்கள், உட்கார்ந்து புல்லால் கூடை பின்னுவார்கள். வாய் அகன்ற தட்டைக் கூடையை அத்தையிடம் காட்டுங்கள், பார்த்ததும் முறம் என்று சொல்லிவிடுவார். நெல் புடைக்கத்தான் அது பிறந்தது. விலை கேட்டால் மயக்கம் வரும், பின்னுவதற்கு ஆகும் நேரத்தைப் பார்த்தால் தெளியும். பேரம் பேசாதீர்கள்.

சனிக்கிழமை சம்டர் கோட்டை. 1861 ஏப்ரல் 12இல் உள்நாட்டுப் போரின் முதல் குண்டு விழுந்த இடம். படகில்தான் போக முடியும். போக, வர, கோட்டையில் ஒரு மணி நேரம், எல்லாம் சேர்த்து இரண்டே கால் மணி நேரம் ஆகும். பேட்ரியட்ஸ் பாயிண்டிலிருந்தும் படகு இருக்கிறது, அங்கே ஏறினால் யார்க்டவுன் விமானந்தாங்கிக் கப்பலையும் பார்த்துவிடலாம். 1968இல் அப்போலோ 8 விண்வெளி வீரர்களைக் கடலிலிருந்து ஏற்றியது இந்தக் கப்பல்தான். பையன் அந்த இரும்பு ஏணிகளில் ஏறி இறங்கியே அடங்கிவிடுவான். அத்தை மேல்தளம் வரை போக வேண்டியதில்லை.

அடிமைகள் வேலை செய்த பழைய பண்ணைத் தோட்டம் ஒன்று போதும், அது மெக்லியாட். அங்கே சொல்லும் கதை பெரிய வீட்டுக்காரர்களைவிடக் குடிசைகளில் இருந்தவர்களைப் பற்றியது. பூந்தோட்டத்துக்குப் பேர் போன மக்னோலியாவை விட்டுவிடலாம், அங்கே அசேலியாப் பூக்கள் ஏப்ரல் கடைசியில் பெரும்பாலும் முடிந்திருக்கும்.

குதிரை வண்டியை விட்டுவிடலாம். எந்தப் பாதையில் போவது என்பதைக் கிளம்பும்போது குலுக்கலில்தான் முடிவு செய்கிறார்கள். பேட்டரி என்ற கடலோரப் பகுதிப் பக்கம் போக ஆசைப்பட்டுக் காசு கட்டினால் வேறு தெருவைச் சுற்றிக் காட்டுவார்கள்.

குன்னூர்க்காரி:

அண்ணா சொன்னது எல்லாம் சரி, குதிரை வண்டி மட்டும் சரியில்லை. முழங்கால் வலி உள்ளவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தபடியே பழைய ஊரைப் பார்க்க வேறு வழி என்ன? எந்தத் தெரு வந்தாலும் அழகுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஜான்ஸ் தீவில் ஏஞ்சல் ஓக் மரம், இலவசம். கிளைகள் தரையில் படுத்து மறுபடி எழுந்து போகும். ஏற விடமாட்டார்கள், பையனிடம் முன்பே சொல்லி வையுங்கள். அங்கிருந்து வாட்மலா தீவுக்குப் போனால் தேயிலைத் தோட்டம். சமதளத்தில் தேயிலை! கொழுந்து கிள்ள ஆளே இல்லை, ஒரு பச்சை இயந்திரம் வரிசைமேல் ஊர்ந்து வெட்டிக்கொண்டே போகும். மலையில் வளர்ந்த எனக்கு அது சினிமா செட் மாதிரி இருந்தது. டீ சுமார்தான். ஆனால் வண்டியில் உட்கார வைத்தே சுற்றிக் காட்டுவார்கள், அத்தைக்கு ஏற்றது.

சாப்பாட்டில் கவனம். கீரை, பீன்ஸ், சிவப்புச் சோறு எல்லாம் பார்க்கச் சைவம், உள்ளே பன்றிக் கொழுப்பு இருக்கும். கேட்காமல் வாங்காதீர்கள்.

மல்லிகைப்பந்தல்:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. மாமா இப்போதே சம்டர் கோட்டையைப் பற்றிப் படிக்க ஆரம்பித்துவிட்டார். காரை எங்கே விடுவது? வழியில் கொறிக்க என்ன?

தீவுக்காரன்:

ஏதாவது ஒரு பல அடுக்கு நிறுத்தத்தில் விட்டுவிட்டு, டேஷ் பேருந்தில் ஏறிக்கொள்ளுங்கள், இலவசம். மழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் மார்க்கெட் தெருவில் தண்ணீர் நிற்கும், அன்றைக்கு ஏற்றம் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். மாலையில் வாட்டர்ஃபிரண்ட் பூங்காவின் அன்னாசி நீரூற்றில் பையன் நனைவான், மாற்றுத் துணி எடுத்துப் போங்கள்.

கொறிக்க, சாலையோரத்தில் உப்புப் போட்டு அவித்த வேர்க்கடலை விற்பார்கள். தோலோடு, சுடச்சுட. குதிரை வண்டி விஷயத்தில் தங்கச்சி சொல்வதையே கேளுங்கள், அத்தைக்கு அதுதான் வசதி.