மாடியறையில் இரண்டு டிரங்குப் பெட்டிகள்

குழு: வண்ணார்பேட்டை வீட்டார்
ஞாயிற்றுக்கிழமை

அம்பை அத்தை, காலை 7.40
பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியாயிற்று. மாடியறையில் உங்கள் மாமாவின் கேசட்டுகள் இரண்டு டிரங்குப் பெட்டி நிறையக் கிடக்கின்றன. நேற்று எண்ணிப் பார்த்தேன், 312 இருக்கின்றன. பழைய இரும்புக்காரர் புதன்கிழமை வருகிறார். யாருக்காவது வேண்டுமென்றால் அதற்குள் சொல்லிவிடுங்கள், பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது.

சென்னை அத்தான், காலை 7.52
தாராளமாகக் கொடுத்துவிடு அம்மா. அதில் இருக்கிற பாட்டெல்லாம் இப்போது கைப்பேசியிலேயே கிடைக்கிறது, அதுவும் இரைச்சல் இல்லாமல். அப்பாவையும் என் குடும்பச் சந்தாவில் சேர்த்துவிட்டிருக்கிறேன். அவர்தான் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

பாளை பெரியப்பா, காலை 8.05
மருமகனே, ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதக் கூடாது என்று நான் போட்ட சட்டத்தை நீயும் காப்பாற்றுகிறாய், அதற்கு முதலில் ஒரு நன்றி. ஆனால் சந்தாவைப் பற்றி என்னிடம் பேசாதே. ஓய்வு பெற்ற பின் இரண்டு ஆண்டுகள் உட்கார்ந்து, ஒவ்வொரு பாட்டாகத் தேடி, ஒரு செயலியில் 240 பாடல்களுக்குப் பட்டியல் போட்டு வைத்திருந்தேன். ஒருநாள் காலையில், சேவையை நிறுத்துகிறோம் என்று இரண்டு வரிச் செய்தி வந்தது, அத்தோடு பட்டியலும் போயிற்று. ஜவுளிக்கடையை மூடிவிட்டுப் போகிறவர், நான் வாங்கி உடுத்தியிருக்கிற வேட்டியையுமா உருவிக்கொண்டு போவார்?

சென்னை அத்தான், காலை 8.11
பெரிய மாமா, நீங்கள் வேட்டி வாங்கவில்லை, வாடகைக்கு உடுத்தியிருந்தீர்கள். மாதச் சந்தா என்றால் அதுதான் பொருள். மாதம் ஒரு சிறு தொகை கொடுத்து உலகத்துப் பாட்டையெல்லாம் கேட்கிறோம். வாடகை வீட்டில் ஆணி அடித்துவிட்டு, காலி செய்யச் சொன்னார்களே என்று வருந்துவதில் நியாயமில்லை.

நான், காலை 8.24
அத்தான், காசு கொடுத்து வாங்கியவர்களுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. 2003-இல் ஆப்பிள் நிறுவனம் ஒரு பாட்டு 99 சென்ட் என்று விற்கத் தொடங்கியபோது, அனுமதித்த கருவிகளில் மட்டுமே பாடும்படி அந்தக் கோப்புகளுக்குப் பூட்டுப் போட்டே கொடுத்தது. மைக்ரோசாஃப்டும் எம்.எஸ்.என். மியூசிக் என்ற கடையில் பூட்டிய பாட்டுகளைத்தான் விற்றது. கடையை மூடிய பிறகு, 2008-இல், திறவுகோல் கொடுக்கும் சர்வரையும் நிறுத்தப்போவதாக அறிவித்தபோதுதான், கணினியை மாற்றினால் வாங்கிய பாட்டு திறக்காது என்பது பலருக்கு உறைத்தது. வாங்கியதற்கும் வாடகைக்கு எடுத்ததற்கும் இடையே இருந்த சுவரை வாங்கியவன் இடிக்கவில்லை, விற்றவன்தான் இடித்தான்.

அம்பை அத்தை, காலை 8.26
வக்கீல் வந்துவிட்டான். இனி என் மாடியறை காலியான மாதிரிதான்.

அம்பை மாமா, காலை 9.35
பாபநாசத்தில் முழுக்குப் போட்டுவிட்டு வருவதற்குள் என் சொத்துக்குப் பாகப்பிரிவினை நடந்து முடிந்துவிட்டது போலிருக்கிறது. பாளை அத்தான், உங்கள் வேட்டி உவமை நன்றாக இருந்தது.

நான் 1984-இல் கடைத்தெருவில் ரெக்கார்டிங் சென்டர் தொடங்கியபோது என்னிடம் இருந்தவை ஒரு ரெக்கார்டு பிளேயர், இரண்டு கேசட் டெக்கு, சுவர் முழுக்க எல்.பி. தட்டுகள், அவ்வளவுதான். விக்கிரமசிங்கபுரம் மில்லில் சம்பளம் போடும் நாளில் கடைவாசலில் நிற்க இடமிருக்காது. கோடு போட்ட தாளில் பாட்டுப் பட்டியல் எழுதி, கூடவே ஒரு வெற்றுக் கேசட்டும் கொடுத்துவிட்டுப் போவார்கள். அறுபது நிமிடக் கேசட் என்றால் ஒரு பக்கத்துக்கு ஆறு பாட்டு, ஏழு பாட்டு. கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடாதபடி நிமிடக் கணக்குப் பார்த்து அடுக்குவதுதான் என் தொழில் திறமை. நிறுவனக் கேசட்டை விட்டுவிட்டு என்னிடம் ஏன் வந்தார்கள் என்றால், அதில் ஒரு படத்தின் ஐந்தாறு பாட்டும் இருக்கும், அவர்களுக்குப் பிடித்தது இரண்டாக இருக்கும். அந்த இரண்டையும், வேறு ஐந்து படங்களில் இரண்டிரண்டையும் சேர்த்து ஒரே கேசட்டில் கேட்க வேண்டும் என்ற ஆசையை எந்த நிறுவனமும் அப்போது மதிக்கவில்லை.

சென்னை அத்தான், காலை 9.41
அப்பா, வருத்தப்படாதீர்கள். நீங்கள் ஒரு கடையில் செய்ததைத்தான் 1999-இல், இணையத்தில் பாட்டுக் கோப்புகளை ஒருவருக்கொருவர் இலவசமாகப் பகிரவிட்ட நாப்ஸ்டர் உலகம் முழுவதற்கும் செய்தது. அதே ஆண்டு டிசம்பரிலேயே அமெரிக்க நிறுவனங்கள் வழக்குப் போட்டன, 2001-இல் அது மூடப்பட்டது. சட்டப்படி நீங்கள் இரண்டு பேரும் ஒரே கட்சி.

அம்பை மாமா, காலை 9.50
மறுக்கவில்லை மகனே. அந்தக் கட்சிதான் உன்னைப் பொறியியல் படிக்க வைத்தது.

ஆனால் ஒன்றைக் கவனி. கேசட்டின் முதுகில் இரண்டு சின்னச் சில்லு இருக்கும். அதைப் பிய்த்துவிட்டால் மேலே வேறு எதுவும் பதிவாகாது. மறுபடியும் பதிய வேண்டுமென்றால் அந்தப் பள்ளத்தில் ஒட்டுத்தாள் ஒட்டினால் போதும். பூட்டும் வாங்கியவன் கையில் இருந்தது, சாவியும் அவன் கையில்தான் இருந்தது. நம் வக்கீல் சொல்லும் பூட்டில் சாவி வேறு ஒருவரிடம் இருக்கிறது, அவர் எப்போது கடையைக் கட்டுவார் என்பது நமக்குத் தெரியாது.

நான், காலை 10.02
2005-இல் இதைவிடக் கேடான ஒன்று நடந்தது மாமா. சோனி பி.எம்.ஜி. விற்ற சில சி.டி.க்களைக் கணினியில் போட்டால், வாங்கியவருக்குத் தெரியாமலே ஒரு மென்பொருள் உள்ளே போய் ஒளிந்துகொண்டது. படி எடுப்பதைத் தடுக்கத்தான் வைத்தார்கள், ஆனால் அது திறந்துவிட்ட வழியில் வைரஸ்களும் ஒளிந்துகொள்ளலாயின. வழக்குகள் வந்து, தட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். இணையத்தில் திருட்டுத்தனமாக இறக்கியவனுக்கு ஒரு கேடும் இல்லை, கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்கியவனுடைய கணினிதான் கெட்டது. 2007-இல் ஸ்டீவ் ஜாப்ஸே, பூட்டை விட்டுவிடலாம் என்று வெளிப்படையாக எழுதினார். 2009-இல் ஆப்பிள் தன் கடையில் பாட்டுகளின் பூட்டை எடுத்துவிட்டது. பூட்டில்லாத பாட்டை விலைக்கு வாங்கும் அந்தப் பொற்காலம் நம் ஊருக்குச் சரியாக வந்து சேரும் முன்பே, எல்லாம் மாதச் சந்தாவாகிவிட்டது.

பாளை பெரியப்பா, காலை 10.15
இதனால்தான் என் மகள் 2018-இல் வாங்கித் தந்த கேரவான் பெட்டியை நான் கைவிடவில்லை. சரிகம இசை நிறுவனம் அதை அதற்கு முந்தைய ஆண்டுதான் வெளியிட்டிருந்தது. பழைய வானொலிப் பெட்டி மாதிரி இருக்கும், பாட்டெல்லாம் உள்ளேயே இருக்கும், இணையம் வேண்டாம், குமிழைத் திருகினால் பாடும். புதுமை எதுவும் இல்லாததுதான் அதன் புதுமை. குறை என்னவென்றால், அந்த நிறுவனத்தின் கையில் இல்லாத பாட்டு அதில் இல்லை. காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரக் கச்சேரிகள் எனக்கு வேண்டும், அதற்குக் குமிழ் இல்லை. நம் நெல்லைச் சீமைக்காரர், 1964-இலேயே போய்விட்டார். கேசட் நம் ஊருக்கு வந்தபோது அவர் இல்லை.

நான், காலை 10.28
அவரைப் பற்றி ஒரு நல்ல செய்தி, பெரியப்பா. நம் சட்டப்படி ஒலிப்பதிவுக்கான உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள்தான். கொஞ்சும் சலங்கை படத்தில் ஜானகி அம்மாவின் குரலோடு அவர் வாசித்த பாட்டு 1962-இல் வந்தது. ஆகவே 2022 முடிந்ததும் அந்த ஒலிப்பதிவின் மேல் எந்த நிறுவனத்துக்கும் பிடிமானம் இல்லை. ஆனால் மெட்டுக்கும் வரிகளுக்கும் தனிக் கணக்கு உண்டு, ஆக்கியவர் மறைந்து 60 ஆண்டுகள் ஆக வேண்டும். இசையமைத்த சுப்பையா நாயுடு 1979-இல் மறைந்தார், எனவே 2039 வரை அந்த மெட்டு அவர் வழிவந்தவர்களுக்கோ உரிமை வாங்கியவர்களுக்கோ உரியது.

இடையில் ஒரு துணுக்கு: கோயில் கொடை விழாவிலோ கல்யாணத்திலோ குழாய் ரேடியோவில் பாட்டுப் போட உரிமம் வாங்க வேண்டியதில்லை, சட்டமே விலக்கு அளித்திருக்கிறது. காலை நான்கு மணிக்குப் போடுவதைத் தடுப்பது வேறு சட்டம்.

சென்னை அத்தான், காலை 10.36
மாப்பிள்ளை, இத்தனையும் சரி. ஆனாலும் சினிமாப் பாட்டுக்காக அந்தப் பெட்டிகளை வைத்திருப்பதில் பயனில்லை என்ற என் கருத்தில் மாற்றமில்லை. பல பாட்டுகளுக்கு நிறுவனங்களிடம் மூல நாடா இருக்கிறது. அப்பா தட்டிலிருந்து நாடாவுக்கு மாற்றிய படியைவிட அவர்கள் வெளியிடுவது தெளிவாகத்தான் இருக்கும்.

அம்பை மாமா, காலை 10.49
அதை ஒப்புக்கொள்கிறேன். 312-இல் இருநூற்றைம்பதுக்கு மேல் சினிமாப் பாட்டுத்தான், புதன்கிழமை அவை போகட்டும். மற்றவை என்னவென்று இந்த வீட்டில் யாரும் இதுவரை கேட்கவில்லை.

கொடைகளில் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய் நான் பதிந்த வில்லுப்பாட்டு முப்பதுக்கு மேல் இருக்கிறது. சுடலைமாடன் கதை, இசக்கியம்மன் கதை, முத்துப்பட்டன் கதை. ஒரே கதையை, வில்லுப்பாட்டின் தலைமைப் பாடகர்களான அண்ணாவிமார் மூன்று பேர் மூன்று விதமாகப் பாடியிருக்கிறார்கள். அப்புறம், வளைகுடாவுக்குப் போன பிள்ளைகளுக்கு அனுப்புவதற்காகக் கடையில் உட்கார்ந்து தாயும் மனைவியும் பேசிப் பதிந்தார்களே, அதில் வாங்கிப் போகாமல் நின்றுவிட்ட ஏழெட்டுக் கேசட். இவற்றை எந்தச் சந்தாவில் தேடுவாய் மகனே?

அம்பை அத்தை, காலை 10.52
இதை நீங்கள் இருபது வருடத்துக்கு முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

நாகர்கோவில் தங்கச்சி, காலை 11.20
மாமா, வேலையில் இருந்ததால் இப்போதுதான் படித்தேன். ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்கிறவள் என்ற முறையில் கேட்கிறேன்: தயவுசெய்து எதையும் இப்போது ஓட்டிப் பார்க்க வேண்டாம். பல ஆண்டுகள் அசையாமல் கிடந்த நாடாவின் சுற்று இறுகியிருக்கும், அம்பை ஈரத்துக்குப் பூஞ்சையும் பிடித்திருக்கும். முதலில் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்து, நாடாவை அழுத்தும் சின்ன மெத்தை உதிர்ந்திருந்தால் மாற்றி, ஒருமுறை முன்னும் பின்னும் முழுக்கச் சுற்றிவிட்ட பிறகே ஓட்ட வேண்டும். டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட்டைத் துடைக்க வேண்டும், நீங்கள் பதிந்த கருவியின் சாய்வுக்கு ஏற்ப அதன் திருகையும் சரிசெய்ய வேண்டும். இல்லையென்றால் மேல் சுருதி எல்லாம் மங்கிக் கேட்கும், பழைய நாடாதானே என்று பழியை நாடாவின் மேல் போட்டுவிடுவோம்.

மாற்றும்போது எம்.பி.3 ஆக மாற்றாதீர்கள் என்பது என் அடுத்த வேண்டுகோள். ஜெர்மனியின் ஃபிரௌன்ஹோஃபர் நிறுவனத்தில் உருவான அந்த முறையின் சூட்சுமமே காதை ஏமாற்றுவதுதான். வில்லுப்பாட்டில் குடத்தில் ஓர் அடி விழுகிறதென்றால், அந்த நொடியில் பக்கத்தில் உள்ள மெல்லிய ஒலிகள் காதுக்கு எட்டாது, ஆகவே அவற்றைத் தூக்கி எறிந்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறது. சி.டி. தரத்தில் நொடிக்கு 1,411 கிலோபிட் பிடிக்கும் ஒலி, இப்படித்தான் 128-க்குச் சுருங்குகிறது. கேட்பதற்கு அது போதும். ஆனால் எறிந்தது எறிந்ததுதான், நாளைக்கு நல்ல கருவி வந்து இரைச்சலை நீக்க முயன்றால் அதற்கு வேலை செய்யப் பொருள் இருக்காது. சி.டி. தரத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 635 மெகாபைட் ஆகும். ஐம்பது மணி நேரம் என்றாலும் ஒரு சின்ன ஹார்ட் டிஸ்கில் அடங்கிவிடும். இரண்டு டிஸ்கில் எடுத்து இரண்டு ஊரில் வைப்போம்.

சென்னை அத்தான், காலை 11.31
ஒரு சந்தேகம். அவ்வளவு சுத்தமாக எடுத்து வைத்தாலும் கடைசியில் எல்லோரும் ப்ளூடூத் காதணியில்தானே கேட்கப் போகிறோம்?

நாகர்கோவில் தங்கச்சி, காலை 11.38
ஆமாம் அத்தான், ப்ளூடூத் அதை இன்னொரு முறை சுருக்கித்தான் அனுப்பும். பெரிய தீங்கு இல்லை. என் வருத்தம் வேறு. உங்கள் காதணியின் மின்கலம் சில ஆண்டுகளில் செத்துவிடும், பிரித்து மாற்ற வழியில்லை. மாமாவின் டெக்குக்கு பெல்ட் ஒன்று வாங்கிப் போட்டால் இன்னும் ஓடும்.

நான், காலை 11.55
எடுத்து முடித்ததும் யூடியூபில் ஏற்றிவிடலாம் என்று யாரும் நினைப்பதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். மேடையில் பாடியவருக்கு நிகழ்த்துநர் உரிமை உண்டு. நிகழ்த்திய ஆண்டுக்குப் பின் 50 ஆண்டுகள் அது நிற்கும். அந்த உரிமை 1994-இல்தான் சட்டத்தில் சேர்ந்தது என்றாலும், அதற்கு முந்தைய பதிவுகளுக்கும் கேட்டுவிட்டுச் செய்வதே முறை. சினிமாவில் பாட்டு எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும், பாட்டு வேறு வழிகளில் ஈட்டும் பணத்தில் பங்கு உண்டு என்பதை 2012-இல்தான் சட்டம் உறுதி செய்தது, அதையும் நாடாளுமன்றத்தில் வாதாடித்தான் பெற்றார்கள். வில்லடித்தவருக்காக வாதாட அங்கே யாரும் இல்லை.

அம்பை மாமா, பிற்பகல் 12.20
இதை எழுதுவதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். 1996 சித்திரைக் கொடையில் பதிந்த சுடலைமாடன் கதை, நான்கு கேசட். அண்ணாவிக்கு அன்றைக்கு ஒரு தொகை கொடுத்தேன், ஒரு வேட்டி துண்டும் கொடுத்தேன், அவரும் மகிழ்ந்துதான் வாங்கிக்கொண்டார். அதன் பிறகு கடையை மூடிய 2001 வரை அந்த நான்கையும் படி எடுத்து விற்றேன். எத்தனை விற்றேன் என்று கணக்கு வைக்கவில்லை, கணக்கு வைக்காததே நான் செய்த கணக்கு. சினிமா நிறுவனத்தை ஏய்த்ததாக என் மகன் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இது அப்படி இல்லை. அவரிடம் வேறு விற்பனைப் பொருளே கிடையாது.

அவர் காலமாகிவிட்டார். மகன் விக்கிரமசிங்கபுரத்தில் இருக்கிறார், அவரும் வில்லடிக்கிறார். முதல் படி அவருக்குப் போக வேண்டும். அவர் சரி என்றால் மட்டும் மற்றவர்கள் கேட்கட்டும், ஏதாவது பணம் வந்தாலும் அவருக்கே போகட்டும்.

பாளை பெரியப்பா, பிற்பகல் 12.26
மாப்பிள்ளை, நானும் கூட வருகிறேன். சனிக்கிழமை போவோம்.

சென்னை அத்தான், பிற்பகல் 12.31
டிஸ்க் இரண்டையும் நான் வாங்கி அனுப்புகிறேன். வளைகுடாக் கேசட்டுகளை யாரும் கேட்காமல், மேலே எழுதியிருக்கும் பெயரைப் பார்த்து அந்தந்த வீட்டில் கொடுத்துவிடலாம் என்பது என் எண்ணம்.

நாகர்கோவில் தங்கச்சி, பிற்பகல் 12.34
நல்லது அத்தான். வெள்ளிக்கிழமை இரவு டெக்கோடு வந்துவிடுகிறேன். ஒரு மணி நேரக் கேசட்டை எடுக்க ஒரு மணி நேரம் ஆகும், அதில் குறுக்குவழி கிடையாது, ஆகவே அத்தை எனக்குப் பொங்கல் வரை சோறு போட வேண்டியிருக்கும். மறுபடியும் சொல்கிறேன், அதுவரை யாரும் ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

அம்பை அத்தை, பிற்பகல் 12.41
உங்கள் மாமா அரை மணி நேரத்துக்கு முன்பே அந்த நான்கில் ஒன்றைப் போட்டுவிட்டார். நாடா சிக்கிக்கொண்டது. இப்போது பென்சிலைத் தேடிக்கொண்டிருக்கிறார். இந்த வீட்டில் பென்சில் எங்கே இருக்கிறது?