4294967297 பகா எண்தானே?

2-இன் 32-ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் வரும் எண். ராத்திரி முழுக்க நோட்டில் 3, 7, 11 என்று வகுத்துக்கொண்டே போனேன். 300 தாண்டியதும் கை ஓய்ந்துவிட்டது. எதிலும் மீதியில்லாமல் போகவில்லை. பகா எண் என்று முடிவு கட்டலாமா?

பதில் 1:
அவசரப்படாதீங்க. கணித மேதை ஃபெர்மாவே அப்படி நம்பி ஏமாந்தவர்தான். 1732-இல் ஆய்லர் என்ற கணிதவியலாளர் உடைத்துக் காட்டினார்: 641 × 6700417.

பதில் 2:
கண்ட எண்ணையெல்லாம் வகுத்திருக்க வேண்டாம். இதன் பகாக் காரணி எதுவானாலும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தே வகுத்தல்!

கேட்டவர்:
அடக்கடவுளே, முதல் இரண்டைத் தாண்டித்தான் நிறுத்தியிருக்கேன்! சரி, அந்த 6700417?

பதில் 2:
அது பகா எண். சந்தேகமிருந்தால் அதே 64 கணக்கில் 2588 வரை (அதன் வர்க்கமூலம் அவ்வளவுதான்) பாருங்க. இந்த முறை கை வலிக்காது.