பின்னால் மோதப்பட்ட கார்: உள் சேதத்தைப் "பழையது" என்று காப்பீட்டு நிறுவனம் ஒதுக்கினால் என்ன செய்வது?

கேள்வி

சிக்னலில் நின்றிருந்த என் காரின் மீது பின்னால் வந்த வண்டி மோதிவிட்டது. என்னுடைய பாலிசியிலேயே கிளைம் பதிவு செய்தேன். சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர் வெளியில் நின்றபடியே படங்களை எடுத்துக்கொண்டு, பம்பர் கவரை மாற்றவும் டிக்கிக் கதவை ஒடுக்கெடுத்துப் பெயிண்ட் அடிக்கவும் மட்டும் ஒப்புதல் அளித்தார். பம்பரைக் கழற்றிய பிறகுதான் உள்ளே இருக்கும் இரும்புச் சட்டம் வளைந்திருப்பதும், ஸ்டெப்னி வைக்கும் குழியின் ஓரத்தில் தளத்தகடு மடிந்து சுருக்கம் விழுந்திருப்பதும் தெரியவந்தன. டிக்கியை மூடினால் இடப்பக்க இடைவெளியில் சுண்டுவிரல் நுழைகிறது. வலப்பக்கத்தில் ஒரு தாளைக்கூடச் செருக முடியவில்லை.

மறுபடியும் வந்து பார்த்த சர்வேயர், தளத்தகட்டின் சுருக்கம் பழைய சேதம் என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒப்புக்கொண்ட தொகையை முழுமையான, இறுதியான தீர்வாகப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திடும்படி நிறுவனம் கேட்கிறது. ஒப்புதல் கிடைத்த அளவுக்கு வேலையை முடித்துத் தருவதாகப் பட்டறையினர் சொல்கிறார்கள். பின்னிருக்கையில் என் பிள்ளைகள் உட்காரும் வண்டி இது. மேலே பெயிண்ட் பளபளக்க, உள்ளே தகடு மடிந்து கிடக்கும் நிலையில் அதை வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இதை எப்படி எதிர்த்துக் கேட்பது?

பதில் 1 (டிங்கரிங் பட்டறை நடத்துபவர்)

முதலில் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். புதிய பம்பரை மாட்டிவிட்டால் உங்கள் சான்று அதற்குள் மறைந்துவிடும். பிறகு யாரிடமும் எதையும் காட்ட முடியாது.

பின்னால் விழும் அடி பம்பர் கவரோடு நிற்பதில்லை. கவர் வெறும் பிளாஸ்டிக் என்பதால் அழுந்திவிட்டுத் தன் வடிவத்துக்கே திரும்பிவிடும். விசையை வாங்குவது உள்ளே இருக்கும் இரும்புச் சட்டம். அது தாங்க முடியாததை வண்டியின் நீளவாக்கில் ஓடும் இரும்பு உறுப்புகளுக்கும் தளத்தகட்டுக்கும் கடத்துகிறது. சட்டம் வளைந்திருக்கும்போது அதன் பின்னால் உள்ள தகடு மடிந்திருந்தால் அது அதே அடியின் தொடர்ச்சியாகத்தான் பெரும்பாலும் இருக்கும். சட்டத்தை ஒப்புக்கொண்டுவிட்டுத் தகட்டை மட்டும் பழையது என்று சொல்பவர்தான் அதற்குக் காரணம் காட்ட வேண்டும்.

பழைய மடிப்பையும் புதிய மடிப்பையும் கண்ணாலேயே பிரித்தறியலாம். பழைய மடிப்பின் உட்கோட்டில் புழுதி இறுகியிருக்கும், பெயிண்ட் வெடித்த இடத்தில் துரு கருஞ்சிவப்பாகச் செதில் விட்டிருக்கும். புதிய மடிப்பிலோ வெடிப்பின் விளிம்பு கூர்மையாகவும், இணைப்புகளில் பூசிய சீலர் கிழிந்த இடம் சுத்தமாகவும், உள்ளே இரும்பு வெளிறியும் தெரியும். திறந்த இரும்பில் ஈரம் பட்டால் சீக்கிரமே மெல்லிய துரு ஏறத் தொடங்கிவிடும் என்பதால், வண்டியை நிழலில், நனையாத இடத்தில் நிறுத்தி, சாய்வான வெளிச்சத்தில் அருகிலிருந்தும் தள்ளி நின்றும் இன்றைக்கே படம் எடுத்து வைத்துவிடுங்கள்.

தளத்தகடு மடியும் அளவுக்கு முன்பே ஓர் அடி விழுந்திருந்தால் வெளித்தகடுகளும் அப்போது பழுது பார்க்கப்பட்டிருக்க வேண்டும் அல்லவா? பெயிண்டின் தடிமனை அளக்கும் கருவியைப் பின்சக்கரத்துக்கு மேலுள்ள பக்கவாட்டுத் தகட்டில் வைத்துப் பாருங்கள். தொழிற்சாலைப் பூச்சு பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் அளவில் இருக்கும். பட்டி (ஒடுக்கை நிரப்பும் பூச்சு) பார்த்த இடம் அதைவிடப் பல மடங்கு காட்டும். எல்லா இடத்திலும் தொழிற்சாலை அளவே வருமானால், பழைய விபத்து என்ற வாதம் பெரிதும் வலுவிழந்துவிடும்.

அடுத்து, வண்டியை அளவெடுக்கும் பெஞ்சில் ஏற்றச் சொல்லுங்கள். பாடியின் குறிப்பிட்ட புள்ளிகளுக்கு இடையில் எவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் அட்டவணை தந்திருப்பார். பொதுவாக 3 மில்லிமீட்டருக்கு மேல் விலகல் இருக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் உள்ள அளவுகோல். பெஞ்சில் எடுத்த அளவுகளின் அச்சுத்தாளோடு பட்டறை ஒரு கூடுதல் எஸ்டிமேட் கொடுக்க வேண்டும். கழற்றிப் பார்த்த பின் தெரியும் சேதத்துக்குக் கூடுதல் எஸ்டிமேட் கொடுப்பது இத்தொழிலில் அன்றாட நடைமுறை. அதைக் கேட்கத் தயங்காதீர்கள்.

வளைந்த சட்டத்தைச் சூடுகாட்டி நிமிர்த்தித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். பல கார்களில் பம்பர் சட்டமும் முன், பின் கதவுகளுக்கு இடையிலுள்ள நடுத்தூணும் சூட்டிலேயே அச்சில் அழுத்தி உருவாக்கப்பட்ட போரான் எஃகால் ஆனவை. சுமார் 1,500 மெகாபாஸ்கல் (இழுவிசையைத் தாங்கும் வலிமையின் அளவு) தாங்கும் அந்த எஃகு, தீ காட்டினால் தன் வலிமையை இழந்துவிடும். பார்வைக்கு நேராக இருக்கும். அடுத்த அடியைத் தாங்காது.

பதில் 2 (முன்னர் சர்வேயராகப் பணியாற்றியவர்)

மேலே சொன்ன தொழில்நுட்ப விளக்கத்தோடு உடன்படுகிறேன். ஆனால் பட்டறையில் எவ்வளவு உரக்கப் பேசினாலும் அது கோப்பில் ஏறாது என்பதையும் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். வாய்மொழி மறுப்பை நிறுவனம் எளிதாகக் கைகழுவிவிடலாம். ஆகவே, சர்வே அறிக்கையின் நகலையும், தளத்தகட்டை மறுத்ததற்கான காரணத்தையும், அந்தக் காரணம் பாலிசியின் எந்த விதியின் கீழ் வருகிறது என்பதையும் எழுத்தில் தரும்படி மின்னஞ்சலில் கேளுங்கள். காரணத்தை எழுத வேண்டும் என்ற கட்டாயம் வரும்போதே பல மறுப்புகள் மறுபரிசீலனைக்குப் போய்விடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

எதற்காகப் போராடுகிறீர்கள் என்பதிலும் தெளிவு வேண்டும். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கான தேய்மானக் கழிவும், ஒவ்வொரு கிளைமிலும் நீங்களே ஏற்க வேண்டிய தொகையும் பாலிசியில் எழுதப்பட்டிருந்தால் அவற்றோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. அவற்றையும் சேர்த்து எதிர்த்தால் உங்கள் நியாயமான கோரிக்கையின் எடை குறைந்துவிடும். உங்கள் கடிதம் தளத்தகடு, சட்டம், டிக்கி இடைவெளி ஆகிய மூன்றை மட்டுமே பேசட்டும்; ஒவ்வொன்றுக்கும் படமோ அளவோ இணைந்திருக்கட்டும். போன முறை பாலிசியைப் புதுப்பித்தபோது நிறுவனமே வண்டியைப் பரிசோதித்திருந்தால், அந்தப் படங்களைக் கேட்டு வாங்குவது எல்லாவற்றையும் விட வலுவானது.

இறுதித் தீர்வு என்ற வாசகத்தின் கீழ் கையெழுத்திடாதீர்கள். ஒப்புக்கொண்ட தொகை அவசரமாகத் தேவைப்பட்டால், மீதிக் கோரிக்கைக்கான உரிமையை விட்டுக்கொடுக்காமல் பகுதித் தொகையாகப் பெறுகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட அனுமதிப்பார்களா என்று கேளுங்கள்.

அதற்கும் அசையாவிட்டால், நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவு, அதன்பின் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அல்லது நுகர்வோர் ஆணையம் என்ற வரிசையில் செல்லலாம். எந்தக் கதவைத் தட்டினாலும் காலக்கெடு உண்டு என்பதால் மறுப்புக் கடிதத்தின் தேதியைக் குறித்து வையுங்கள். கிளைம் தொகை பெரியதாக இருந்தால் சுயேச்சையான ஒரு மதிப்பீட்டாளரின் அறிக்கைக்குச் செலவிடுவது தகும். சிறிய தொகைக்கு அந்தச் செலவே கையைக் கடிக்கும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன். மோதியவரின் காப்பீட்டு நிறுவனத்திடமே நேரடியாகக் கேட்டிருந்தால் எளிதாக இருந்திருக்குமோ என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். பின்பம்பரின் மூலைகளில் ரேடார் சென்சார்களும் உள்ளன; அவற்றைப் பற்றி எஸ்டிமேட்டில் ஒரு வரிகூட இல்லை.

பதில் 3

எளிதாக இருந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அந்த நிறுவனத்துக்கு நீங்கள் வாடிக்கையாளர் அல்லர். பாலிசி ஒப்பந்தத்தின்படி உங்களுக்குப் பொறுப்பானது உங்கள் நிறுவனம்தான். கொடுத்த தொகையை மோதியவர் தரப்பிடமிருந்து மீட்டுக்கொள்வது அவர்கள் வேலை. இரண்டு இடங்களிலும் ஒரே சேதத்துக்குத் தொகை பெற முடியாது என்பதால் இப்போது தொடங்கிய வழியிலேயே செல்லுங்கள்.

சென்சார்களை விட்டுவிடாதீர்கள். அவை பொருந்தியிருக்கும் தகடு சற்றே சாய்ந்தாலும் பக்கத்தில் வரும் வண்டியைத் தவறான இடத்தில் காட்டும். ரேடாருக்கு முன்னால் உள்ள பம்பர் பகுதியில் பட்டி பார்ப்பதையும் தடித்த பெயிண்ட் அடிப்பதையும் பல தயாரிப்பாளர்கள் அனுமதிப்பதில்லை. வேலைக்கு முன்பும் பின்பும் கணினி ஸ்கேன், அதன்பின் சென்சார்கள் சரியாகக் காட்டும்படி செய்யும் அளவமைப்பு என இரண்டையும் கூடுதல் எஸ்டிமேட்டில் தனி வரிகளாக எழுதச் சொல்லுங்கள். டெலிவரி எடுக்கும்போது அந்த ஸ்கேன் தாளையும், பாடி அளவுகளின் அச்சுத்தாளையும், மாற்றிய பாகங்களின் பில்லையும் வாங்காமல் சாவியைப் பெற்றுக்கொள்ளாதீர்கள்.