பழைய ஸ்மார்ட் டிவியில் நேரலைச் சேவை நின்றுபோனால் யார் பொறுப்பு?

வெள்ளவத்தை சிவா:
எல்லாருக்கும் வணக்கம். வருடக் கட்டணம் கட்டி எடுத்த நேரலை டிவிச் சேவை, அம்மாவின் டிவியில் திடீரென்று நின்றுவிட்டது. கறுப்புத் திரையில் “இந்தச் சாதனத்தில் இனி இயங்காது” என்று ஒரே ஒரு வரி. டிவியில் ஒரு குறையும் இல்லை. படம் தெளிவு, சத்தம் தெளிவு, ரிமோட்டில் எந்தப் பட்டன் எங்கே என்று அம்மாவுக்குப் பார்க்காமலே தெரியும். சேவைக்காரருக்கு எடுத்துக் கேட்டால் புது டிவி வாங்கச் சொல்கிறார்கள். காசை வாங்கும்போது என்ன டிவி, எந்த மொடல் என்று ஒருவரும் கேட்கவில்லையே. காசு வாங்கிய டிவியில் ஐந்து வருடமாவது ஓடவைக்க வேண்டும். என் நிலைப்பாடு இதுதான்.

கஜன்:
சிவா அண்ணா, உங்கள் கோபம் நியாயம். ஆனால் ஐந்து வருடம் என்பது நடக்காத காரியம். நான் செயலி எழுதும் வேலையில் இருக்கிறேன், உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். டிவியில் ஓடும் செயலி பெரும்பாலும் ஓர் இணையப் பக்கம்தான். அதைத் திறக்கும் உலாவி டிவிக்குள்ளேயே இருக்கிறது. போனில் உலாவி அடிக்கடி புதுப்பிக்கப்படும். பழைய டிவிகளில் தொழிற்சாலையில் ஏற்றியதே பெரும்பாலும் அப்படியே கிடக்கும். அதுவும் கொம்பனிக்குக் கொம்பனி வேறு. டிவியை இயக்கும் அடிப்படை மென்பொருளில் எல்ஜி 2014இல் வெப்ஓஎஸ்ஸுக்கு மாறியது, சாம்சங் 2015இல் டைசனுக்கு மாறியது. அதற்கு முந்திய மொடல்களுக்குத் தனியாக எழுதி, தனியாகச் சோதிக்க வேண்டும்.

ஒரு தளம் உண்மையானதுதானா என்று கருவி பார்த்துக்கொள்ளும் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னொரு தலையிடி. ஏராளமான இணையத் தளங்கள் நம்பியிருந்த ஒரு மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30ஆம் திகதி காலாவதியானது. புதியதை ஏற்ற வழியில்லாத பழைய கருவிகள் பலவற்றில் அதன் பிறகு பல தளங்கள் திறக்கவில்லை. நெட்ஃபிளிக்ஸே 2019 டிசம்பரில் 2010, 2011 காலத்துச் சில சாம்சங் டிவிகளைக் கைவிட்டது. அவர்களிடம் இல்லாத ஆள்பலமா இங்கே இருக்கிறது?

தெஹிவளை நிர்மலா:
தம்பி கஜன், காரணம் விளங்குகிறது. பாரம் யார் தலையில் என்பதுதான் கேள்வி. பியோ டிவி, டயலொக் டிவி இரண்டும் சொந்தப் பெட்டியோடு வருகின்றன. டிவிக்கு என்ன வயதானாலும் வயரைக் குத்த ஓர் இடம் இருந்தால் சரி. பெட்டிக்கும் சேவைக்கும் ஒத்துப்போகச் செய்வது அவர்கள் வேலை. செயலி என்று வந்ததும் பெட்டிச் செலவு சேவைக்காரருக்கு மிச்சம், ஒத்துவராத தொல்லை மட்டும் நம் வீட்டு ஹோலுக்குள் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் வருடக் காசை முற்பணமாக வாங்குவது எந்த நியாயம்?

கஜன்:
அக்கா, பெட்டியின் விலையும் ஏதோ ஒரு வழியில் நம்மிடமிருந்துதான் போகிறது. சேவைக்காரர் நினைத்தாலும் மீறமுடியாத ஒன்றும் இருக்கிறது. கிரிக்கெட் போன்றவற்றின் உரிமையாளர்கள், களவாகப் பதிவு செய்யமுடியாத கருவியில்தான் காட்டலாம் என்று ஒப்பந்தத்தில் கட்டுப்பாடு போடுவார்கள். அண்ட்ரொய்ட் கருவிகளில் இதைப் பார்ப்பது, படத்தைப் பூட்டி அனுப்பும் கூகுளின் வைட்வைன் என்ற முறை. அதில் பாதுகாப்பு மட்டங்கள் உண்டு. எல்1 என்றால் பூட்டுத் திறக்கும் வேலை சிப்புக்குள்ளேயே பாதுகாப்பாக நடக்கும். எல்3 என்றால் வெறும் மென்பொருளில் நடக்கும், அதற்குப் பல சேவைகள் மங்கலான படத்தைத்தான் அனுப்பும்.

கொட்டாஞ்சேனை ரவி:
இவ்வளவு விவாதம் தேவையா? புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மலிவான அண்ட்ரொய்ட் பெட்டி எத்தனையோ கிடக்கிறது. நானும் ஒன்று வாங்கிப் போட்டேன், எல்லாச் சனலும் வருகிறது. படம் கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான்.

கஜன்:
ரவி அண்ணா, மங்கலுக்குப் பெரும்பாலும் நான் சொன்ன எல்3தான் காரணம். அதைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. கூகுளின் சான்று பெறாத மலிவுப் பெட்டிகள் சிலவற்றில் தீய மென்பொருள் முன்கூட்டியே ஏற்றப்பட்டு வருகிறது. இப்படித் தொற்றிய கருவிகளைச் சேர்த்த பேட்பாக்ஸ் 2.0 என்ற வலையமைப்பைப் பற்றி 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. பகிரங்கமாகவே எச்சரித்தது. அப்படிப்பட்ட பெட்டி உங்கள் வீட்டு இணைய இணைப்பை மற்றவன் களவுக்கு வாடகைக்கு விட்டுவிடும். தயவுசெய்து அதில் வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் எதையும் திறக்க வேண்டாம்.

வெள்ளவத்தை சிவா:
கஜன் தம்பி, பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாஸாவில் சான்று பெற்ற ஸ்டிக் ஒன்று, அதாவது செயலிகளை ஓட்டும் சின்னக் கருவி, வாங்கி டிவியின் எச்டிஎம்ஐ துளையில் குத்திவிட்டேன். அதுவும் லேசில் முடியவில்லை. டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்து மின்சாரம் எடுத்ததால், படம் ஓடும்போதே அணைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. யுஎஸ்பி 2.0 துளை தரக்கூடியது அரை அம்பியர், பல ஸ்டிக்குகளுக்கு ஒரு அம்பியர் வேண்டும். கூட வந்த அடப்டரைச் சுவரில் குத்தியதும் சரியாகிவிட்டது. இப்போது வேலை செய்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அம்மா ஒன்றுக்கு இரண்டு ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு தடுமாறுகிறா.

கஜன்:
அதற்கு வழி இருக்கிறது அண்ணா. டிவி செட்டிங்கில் சிஇசி என்பதைத் தேடுங்கள், எச்டிஎம்ஐயில் குத்திய கருவியை டிவி ரிமோட்டாலேயே இயக்கும் வசதி அது. சாம்சங்கில் அதன் பெயர் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க். அதை ஓன் பண்ணினால் அம்மாவின் பழைய ரிமோட்டின் அம்புக்குறிகளே ஸ்டிக்கையும் நகர்த்தும்.

தெஹிவளை நிர்மலா:
நல்ல உதவி, நன்றி. ஆனால் பாருங்கள், இதெல்லாம் சேவைக்காரர் சொல்லித் தந்திருக்க வேண்டியவை. எந்த மொடல், எந்த வருடத்துக்குப் பிந்திய டிவி என்ற பட்டியலை, கட்டணம் கட்டும் பக்கத்திலேயே தமிழிலும் சிங்களத்திலும் போட்டால் என்ன? ஒரு டிவியைக் கைவிடுவதென்றால் மூன்று மாதம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும், மிச்சக் காலத்துக்கான காசைத் திருப்பித் தர வேண்டும். டேட்டாக் கணக்கையும் அங்கேயே சொல்லலாம். நொடிக்கு ஐந்து மெகாபிட் வேகத்தில் ஒரு மணித்தியாலம் பார்த்தால் இரண்டே கால் ஜிபி போகிறது. டேட்டாப் பொட்டலம் போட்டுப் பார்ப்பவர்கள் ஒரு டி20 முடிவதற்குள் எவ்வளவு கரைகிறது என்று தெரிந்துதானே வாங்க வேண்டும்?

கஜன்:
பட்டியல், முன்னறிவிப்பு, காசு திருப்புவது மூன்றிலும் நான் உங்கள் பக்கம் அக்கா. ஐந்து வருட உத்தரவாதத்தில் மட்டும் இல்லை. அதைக் கட்டாயமாக்கினால் உள்ளூர்ச் சிறு சேவைகள் டிவிச் செயலியே செய்யாமல் போனோடு நின்றுவிடும். அப்போது நட்டம் வயதானவர்களுக்குத்தான், சின்னத் திரையில் அவர்களால் பார்க்க முடியாது.

வெள்ளவத்தை சிவா:
நான் ஐந்து வருடத்திலிருந்து இறங்கமாட்டேன் தம்பி. டிவி என்பது போன் மாதிரி அடிக்கடி மாற்றும் சாமான் இல்லை. நம் வீடுகளில் ஒன்றை வாங்கினால் பத்து வருடம் ஓடும். அதற்கு ஏற்றபடி செய்யத் தெரியாதவர்கள் வருடக் காசை முன்கூட்டியே வாங்கக்கூடாது, மாதாமாதம் வாங்கட்டும். மிச்சக் காசுக்காக நுகர்வோர் அதிகாரசபையில் முறைப்பாடு செய்யப்போகிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்த சபை, 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுக்கலாம்.

கொட்டாஞ்சேனை ரவி:
சிவா அண்ணா, நீங்கள் எடுத்த ஸ்டிக் என்ன பெயர்? என் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டேன்.

தெஹிவளை நிர்மலா:
சிவா, எடுக்கும் முன் கட்டணப் பற்றுச்சீட்டு, அந்தக் கறுப்புத் திரையின் படம், டிவியின் பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள மொடல் இலக்கம் மூன்றையும் கையில் வைத்திருங்கள். சேவைக்காரருக்கு முதலில் எழுத்தில் ஒரு கடிதம் அனுப்புங்கள். அவர்கள் தொலைபேசியில் சொன்ன “புது டிவி வாங்குங்கள்” என்பதை எழுத்திலும் சொல்கிறார்களா என்று பார்ப்போம்.