உலைத் தூசி: துத்தநாகச் சதவீதம் மட்டும் போதுமா?

வால்நதி முருகேசன் (வெரினிகிங்):
ஸ்க்ராப் இரும்பை உருக்கும் மின்வில் உலையின் வடிகட்டிப் பைகளில் சேரும் தூசியை அமிலத்தில் கரைத்துத் துத்தநாகம் எடுக்க முடியுமா என்று தேவி கேட்டிருந்தார். எக்ஸ்ரே கருவியில் துத்தநாகம் எத்தனை சதவீதம் என்று பாருங்கள், போதும். எலெக்ட்ரான் நுண்ணோக்கி வீண் செலவு.

தேவி (மேர்பேங்க், டர்பன்):
இதை ஒத்துக்கொள்ள மாட்டேன், அண்ணா. எவ்வளவு இருக்கிறது என்று சதவீதம் சொல்லும், எந்த வடிவில் இருக்கிறது என்று சொல்லாது. ஸ்க்ராப்போடு உலைக்குள் போகும் கால்வனைஸ் தகட்டின் துத்தநாகப் பூச்சு 907 டிகிரியில் கொதிப்பது, 1600 டிகிரி உருக்கில் நிற்குமா? ஆவியாகிப் புகையோடு போய் ஆக்சைடாகிறது. இரும்போடு சேர்ந்தால் துத்தநாக ஃபெரைட் ஆகிவிடுகிறது. நீர்த்த கந்தக அமிலத்தில் ஆக்சைடு சட்டென்று கரையும், ஃபெரைட் லேசில் அசையாது. இரண்டு மூட்டையிலும் 20 சதவீதம் என்று தாள் சொன்னாலும் கைக்கு வருவது ஒன்றாக இருக்காது.

பிசினில் பதித்து மெருகேற்றிய தூசியை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒருமுறை பாருங்கள். உருண்டை உருண்டையான துகள்கள், உருக்கில் வாயுக் குமிழி வெடித்துத் தெறித்த துளிகள். வெட்டுமுகத்தில் மங்கலான கால்சியம் சிலிக்கேட் கண்ணாடி, அதற்குள் கிளைவிட்டு வளர்ந்த ஃபெரைட் படிகங்கள் வெளிறித் தெரியும். கண்ணாடிக்குள் அடைபட்டதை அமிலம் எப்படித் தொடும்?

வால்நதி முருகேசன்:
சரி தங்கச்சி, ஆனால் ஏராளமான துகள்கள் ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. நுண்ணோக்கியின் 15 கிலோவோல்ட் எலெக்ட்ரான் கற்றை துகளுக்குள் ஏறக்குறைய ஒரு மைக்ரான் பரவும். பக்கத்துத் துகளின் துத்தநாகத்தையும் சேர்த்துத்தான் காட்டும். அப்புறம், ஒரு சிட்டிகையைப் பார்த்துவிட்டு லாரி லோடுக்கே தீர்ப்புச் சொல்லலாமா?

ராணி (மிடில்பர்க்):
துருப்பிடிக்காத உருக்குத் தூசி என்றால் எனக்குக் கவலை குரோமியம்தான். நச்சான ஆறு இணைதிறன் குரோமியம் தண்ணீரில் கரைந்து நிலத்தடிக்குப் போகும். மொத்தச் சதவீதம் அதைப் பிரித்துச் சொல்லாது. நுண்ணோக்கியின் எக்ஸ்ரே அளவீடும் இணைதிறனைக் காட்டாது. நீரில் ஊறவைத்துத் தனியாகச் சோதிக்கத்தான் வேண்டும்.

தேவி:
ராணி அக்கா சொல்வது சரி. அண்ணா கேட்டதும் நியாயம், நுண்ணோக்கி மட்டும் போதாது. படிக வகையைக் காட்டும் எக்ஸ்ரே விளிம்பு விளைவுச் சோதனை மட்டும் வைத்தாலும் சிக்கல்: மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடும் துத்தநாக ஃபெரைட்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் கோடு காட்டும். அதனால் இரண்டையும் செய்து, அமிலத்தில் கரைத்தும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு உருக்கலிலும் ஸ்க்ராப் மாறுவதால், பல உருக்கல்களின் தூசியைக் கலந்து மாதிரி எடுக்கலாம்.

வால்நதி முருகேசன்:
தூசியைச் சுட்டுத் துத்தநாகத்தை மீட்கும் வேல்ஸ் சூளைக்கு அனுப்பினால்? அங்கே கோக்கோடு சேர்த்து 1200 டிகிரி வரை சுடும்போது ஃபெரைட்டும் உடையும், துத்தநாகம் ஆவியாகிவிடும். அதற்குச் சதவீதம் போதும், இதில் நான் மாறப்போவதில்லை. அமிலத் தொட்டி என்றால் உங்கள் பக்கம்.

தேவி:
நான் கேட்டதே அமிலத் தொட்டிக்குத்தானே, அண்ணா. தொட்டிக்குப் பணம் போடும் முன்பே ஃபெரைட் எவ்வளவு என்று தெரிந்தாக வேண்டும்.