சேரும் நாளில் ஆள் வராவிட்டால் ரெக்ரூட்டரா பொறுப்பு?

கெடிலக்கரை:
நிறுவனங்களுக்கு ஆள் தேடித் தரும் ரெக்ரூட்டர்களான நம்மைப் பற்றி நேற்று முத்தியால்பேட்டைக்காரர் எழுதியதைப் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. "ரெக்ரூட்டரின் மனப்பாங்கு சரியாக இருந்தால், ஆஃபர் வாங்கிய ஒருவர்கூடச் சேராமல் போகமாட்டார். போனால் தவறு ரெக்ரூட்டருடையதே" என்கிறார். திங்கட்கிழமை காலை கடலூர் சிப்காட்டில் ஓர் ஆலை வாசலில் நின்றபடி, வராத ஆளுக்குப் போன் போட்டு, அது அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகக் கேட்டவருக்குத்தான் இந்த வாக்கியத்தின் திமிர் புரியும். உள்ளே ஹெச்.ஆர். காத்திருக்கிறார். வெளியே நான் நிற்கிறேன். என் மனப்பாங்கு அப்போது எங்கே போயிற்று என்று சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை:
நானும் நின்றிருக்கிறேன் ஐயா, அதனால்தான் எழுதினேன். ஆஃபர் கடிதம் போனதும் கமிஷனைக் கணக்குப் போடுகிறவருக்குத்தான் திங்கட்கிழமை போன் அணைந்திருக்கும். பழைய வேலையை விட்டு வருவதற்கான நோட்டீஸ் காலம் முழுவதும் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். ராஜினாமா கொடுத்தாயிற்றா, மேலாளர் என்ன சொன்னார், சம்பளம் கூட்டித் தருவதாக இழுத்துப் பிடிக்கிறார்களா, வீட்டில் யாருக்கு இதில் மனமில்லை என்று கேட்டால், நழுவப்போகிறவர் யாரென்று முன்னதாகவே தெரிந்துவிடும்.

கெடிலக்கரை:
தெரிந்து? சென்னை ஐ.டி. நிறுவனங்களில் பல இடங்களில் நோட்டீஸ் காலம் 90 நாள். அத்தனை நாளும் அந்தப் பையன் உங்கள் ஆஃபர் கடிதத்தைக் காட்டி வேறு இடங்களில் விலை பேசுவான். அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்வேன். ஆனால் அவன் போனது என் தவறா? திங்கட்கிழமை வராதவன் அவன். திட்டு வாங்குபவன் நான். இதற்கு நேராகப் பதில் சொல்லுங்கள்.

ரெயின்போ நகர்:
ஒரு நிமிடம். சேர்ந்துவிட்டார் என்று எதை வைத்துச் சொல்கிறோம்? முதல் நாள் கையெழுத்தையா, விலகினால் நாம் வேறு ஆள் தர வேண்டிய 90 நாள் ரீப்ளேஸ்மென்ட் காலம் முடிவதையா? மனப்பாங்கு என்று எதைச் சொல்கிறோம்? இதைத் தெளிவாக்கினால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

கெடிலக்கரை:
அம்மா, வகுப்பு பிறகு நடக்கட்டும். திங்கட்கிழமைக்கு வருவோம்.

செம்மண்டலம்:
திங்கட்கிழமை திங்கட்கிழமை என்கிறீர்களே, அன்று ஏழரை முதல் ஒன்பது வரை ராகு காலம். எட்டரைக்கு வந்து கையெழுத்துப் போடச் சொன்னால் எந்தத் தாய் மகனை அனுப்புவாள்? பத்து மணிக்கு மேல் வரச் சொல்லிப் பாருங்கள். ஆடி மாதம் வேறு. ஆவணியில் சேர்கிறேன் என்பதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டுப் போனை அணைத்து வைத்துவிடுகிறார்கள்.

முத்தியால்பேட்டை:
இதைத்தான் மனப்பாங்கு என்கிறேன். நான் முதல் பேச்சிலேயே ஆடி தடையா என்று கேட்டுவிடுவேன். ஆளைப் புரிந்துகொள்ளாமல் பயோடேட்டாவை மட்டும் அனுப்புவது கூரியர்காரர் வேலை.

கெடிலக்கரை:
கூரியர்காரரா? அதே கூரியர்காரரிடம்தான் புதுச்சேரி சேதராப்பட்டு வேலைக்கு டிப்ளமோ மெக்கானிக்கல் ஆட்கள் வேண்டுமென்று கெஞ்சினீர்கள். உங்கள் ஊரில் ஆள் கிடைக்கவில்லை. எங்கள் பையன்கள்தான் விடியற்காலை பஸ் ஏறி வந்தார்கள். முள்ளோடை எல்லையைத் தாண்டியதும் மனப்பாங்கு வந்துவிடுமா என்ன?

முத்தியால்பேட்டை:
வந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் தங்கினார்கள் என்பதையும் எழுதுங்கள்.

மூன்றாம் ஷிப்ட்:
சேரும் நாளில் போகாமல் இருந்தவன் நான். இவ்வளவு பேர் பேசுகிறீர்கள், எங்களை ஒருவரும் கேட்கவில்லை. போனில் காலை ஆறு முதல் இரண்டு வரைதான் வேலை என்றார்கள். கடிதத்தில் சுழற்சி ஷிப்ட், இரவு பத்து முதல் ஆறு வரையும் உண்டு என்று இருந்தது. நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கையும் கிராஜுவிட்டியையும் சேர்த்துப் பெரிய தொகையாகச் சி.டி.சி. (என்னால் நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு) சொன்னார்கள். மாதம் கைக்கு எவ்வளவு வரும் என்று கேட்டேன், "அதெல்லாம் ஹெச்.ஆர். சொல்வார்" என்றார் கன்சல்டன்சிக்காரர். அதற்கு முன் வேறோர் இடத்தில் நேர்காணல் முடிந்து தேறவில்லை என்பதைக்கூட யாரும் சொல்லவில்லை, நானாக அழைத்தபோதும் எடுக்கவில்லை. நீங்கள் எடுக்காவிட்டால் அது வேலைப்பளு, நாங்கள் எடுக்காவிட்டால் துரோகமா?

ரெயின்போ நகர்:
தம்பி சொல்வதில் பொருள் இருக்கிறது. தேறாதவருக்கும் ஒரு வரி தகவல் அனுப்புவது என் வழக்கம். அவர்களே பிறகு தங்கள் நண்பர்களை அனுப்புகிறார்கள்.

கெடிலக்கரை:
தம்பி, உனக்கு நடந்தது அநியாயம்தான். ஆனால் அதைச் செய்தவன் நானில்லை. ஷிப்டை மறைத்தவன் பொய்யன். பொய் சொல்லாத ரெக்ரூட்டரின் ஆளும் திங்கட்கிழமை வராமல் போகிறானே, அதுதான் என் கேள்வி. பணக்கணக்கையும் கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்கு வழக்கமான கமிஷன் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். மூன்று லட்ச ரூபாய் வேலை என்றால் ஏறக்குறைய 25,000. ஆள் சேர்ந்த பிறகுதான் இன்வாய்ஸ். பணம் வருவது அதற்கும் பல வாரம் கழித்து. 90 நாளுக்குள் ஆள் விலகினால் இலவசமாக வேறு ஆள் தர வேண்டும், இல்லையென்றால் பணத்தைத் திருப்ப வேண்டும். இவ்வளவையும் தாங்குகிறவனைப் பார்த்து மனப்பாங்கு சரியில்லை என்பவர், மாதச் சம்பளத்தில் உட்கார்ந்திருப்பவராகத்தான் இருக்க வேண்டும்.

முத்தியால்பேட்டை:
நான் மாதச் சம்பளத்தை விட்டது உங்களுக்கு நன்றாகவே தெரியும் ஐயா. விட்ட அன்று முதல் வாழ்த்துச் சொன்னவர் நீங்கள். என் முதல் வாடிக்கையாளரைத் தனியே போய்ச் சந்தித்தவரும் நீங்கள்.

கெடிலக்கரை:
அவர்கள் என்னை அழைத்தார்கள், போனேன். ரெக்ரூட்டர் அழைப்பை எடுக்க வேண்டும் என்று நீங்கள்தானே உபதேசிக்கிறீர்கள்!

செம்மண்டலம்:
ஆடி விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

கெடிலக்கரை:
பெருங்குடி ஐ.டி. அலுவலகத்தில் ஆடியும் கிடையாது, ஆவணியும் கிடையாது. அங்கும் திங்கட்கிழமை ஆள் வருவதில்லை. முடிந்ததா?

முத்தியால்பேட்டை:
முடியவில்லை. நீங்கள் அனுப்பிய ஆள் இரண்டாம் மாதம் விலகினார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தது நான். கமிஷனைப் பங்கு பிரித்தபோது பாதி வாங்கிக்கொண்டவர், திருப்பும்போது பாதி தரவில்லை. இதற்கு எந்த மனப்பாங்கு என்று பெயர் வைப்பது?

கெடிலக்கரை:
பொதுவில் இழுத்துவிட்டீர்கள், நல்லது. இன்வாய்ஸ் போட்டவன் நான். வாடிக்கையாளர் பணம் தருவதற்கு முன்பே 18 சதவீதம் ஜி.எஸ்.டி.யைக் கைக்காசில் கட்டியவனும் நான். அதை யார் தருவது?

ரெயின்போ நகர்:
ஐயா, பில் தொகையைக் குறைத்துக் காட்டும் கிரெடிட் நோட் போட்டு அந்த வரியைச் சரிசெய்துகொள்ள வழி இருக்கிறதே.

கெடிலக்கரை:
அம்மா, கிரெடிட் நோட் பற்றி என் ஆடிட்டர் சொல்வார். அவர் ஆலை வாசலில் நின்றவரல்லர், ஆனாலும் சொல்வார்.

முத்தியால்பேட்டை:
அவரிடம் என் பாதியையும் கேட்டு எழுதுங்கள் ஐயா.