எந்த வயதில் தொடங்கியது?

தோல் டாக்டர் மூன்று களிம்பு மாற்றிப் பார்த்துவிட்டு மனநல மருத்துவரிடம் அனுப்பினார். அங்கே முதல் கேள்வி: "தோலைக் கிள்ளிப் பிய்க்கிற பழக்கம் எந்த வயதில் ஆரம்பித்தது?" எனக்கு 34 வயது. கிள்ளாத நாளே ஞாபகத்தில் இல்லை. வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். "ரெண்டாம் வகுப்புல அம்மை போட்டுச்சே, மறந்துட்டியா? மூணு தண்ணி ஊத்தினப்புறமும் பக்கைப் பிய்க்கிறதை நீ விடலையே. வருடிக்கோன்னு வேப்பிலையைக் கொடுத்தா, காம்பால நெம்புவே" என்றார்.

ஆக, 7 வயது. பெரும்பாலோருக்கு இது பருவ வயதில், முகப்பருவோடு தொடங்குமாம். சிலருக்குப் பத்து வயதுக்கு முன்பே, சிலருக்கு முப்பதைத் தாண்டி. சின்ன வயதில் தொடங்கியவர்களில் பலருக்குக் கை போவதே தெரியாது என்றார் டாக்டர். நான் அந்த ரகம். டிவி பார்த்துவிட்டு எழுந்தால் நகக்கண்ணில் ரத்தம் இருக்கும். பள்ளிக்கூட வெள்ளை சாக்ஸ் கணுக்கால் புண்ணில் ஒட்டிக்கொள்ளும். சாயங்காலம் கழற்றினால் பக்கும் கூடவே வரும், மறுபடி புண். வீட்டில் அதட்டினார்கள், அவ்வளவுதான். நோய் என்று யாருக்குத் தோன்றும்? அமெரிக்க மனநல மருத்துவர்களின் டிஎஸ்எம் கையேட்டிலேயே 2013இல்தான் தனி நோயாகச் சேர்த்தார்கள்.

எனக்குக் கொடுத்த முதல் வேலை, எண்ணுவது. கை தோலுக்குப் போகும்போதெல்லாம் பாக்கெட் நோட்டில் ஒரு கோடு. முதல் நாள் நான் போட்டது 4. மனைவி தனித் தாளில் போட்டுவைத்தது 31! அது பழகிய பிறகுதான், கை போனதும் ஒரு நிமிஷம் முஷ்டியை இறுக்கி வைத்திருக்கச் சொன்னார்கள். அஸ்ரின், நன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1973இல் எழுதிய முறை. நகம் கடிப்பவர்களுக்கும் இதேதான்.

* * *

மேலே எழுதியவருக்கு என் பதில்: எனக்குத் தொடங்கியது 14 வயதில். அரையாண்டுத் தேர்வுக்கு முந்தின ராத்திரி, மூக்கு நுனியில் ஒரு பரு. உங்களுக்கு நேர் எதிர் நான். தெரிந்தேதான் செய்வேன், கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, கண்ணாடி முன்னால். நோட்டெல்லாம் எனக்கு உதவவில்லை. ஒரு நாளைக்கு ஒரே கோடு, ஆனால் அது முக்கால் மணி நேரம்! பாத்ரூம் கண்ணாடியில் காலண்டர் அட்டையை ஒட்டி, டியூப் லைட்டைக் கழற்றிவிட்டு மங்கல் பல்பு போட்டதும்தான் குறைந்தது. (இளம்பெண்கள் பருவைக் கிள்ளிப் புண்ணாக்கிக்கொள்வதை பிரோக் என்ற பிரெஞ்சு தோல் மருத்துவர் 1898இலேயே எழுதியிருக்கிறார். நாம் முதல் ஆள் இல்லை.)

* * *

மூன்றாவது ஆள் நான். எனக்குத் தொடங்கியது 41 வயதில். இந்த வயதில் புதிதாக வந்தால் அரிப்புக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். சர்க்கரை, தைராய்டு, கிட்னி, ஈரல் எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுத்தார்கள். எதிலும் குறையில்லை. அப்புறம்தான் அந்த வருஷம் அப்பா படுக்கையில் விழுந்த பேச்சு வந்தது. ராத்திரி அவர் பக்கத்தில் விழித்திருந்தபோது முழங்கையைச் சுரண்ட ஆரம்பித்தேன்.

* * *

முதலில் எழுதியவன்தான். மகளுக்கு 6 வயது; கொசுக்கடியை விடமாட்டேன் என்கிறாள். அதட்டுவதில்லை. பிளாஸ்திரி ஒட்டிவிட்டு, "கை எங்கே இருக்குன்னு பாரு" என்று மட்டும் சொல்வேன். நேற்று அவள் என்னைக் கேட்டாள், "உன் கை எங்கேப்பா?" காதுக்குப் பின்னால் இருந்தது.